ஃபர்ம்வேர் புதுப்பித்த மறுநாள்: கடலூர் அச்சகக் கணினியில் செக்யூர் பூட் பிழைகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு சிறு அச்சகத்தின் மேசைக்கணினி பற்றியது இந்த ஆய்வு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் எல்லாம் அந்த ஒரே கணினியில்தான் வடிவமைக்கப்படுகின்றன. இன்டெல் செயலி, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ் 11, உபுண்டு 24.04 இரண்டும். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க விண்டோஸ். இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் வேலைகளுக்கு உபுண்டு. இணையத்துக்கு ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர். அதற்கான டிரைவர் லினக்ஸின் மையக்கருவான கர்னலோடு வராததால், டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் அந்தக் கணினியிலேயே தொகுத்து நிறுவப்பட்டிருந்தது. இந்தச் சின்ன விவரம் பின்னால் முக்கியமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, மதர்போர்டு தயாரிப்பாளரின் மென்பொருள் காட்டிய ஃபர்ம்வேர் (போர்டிலேயே இருந்து கணினியை எழுப்பும் மென்பொருள்) புதுப்பிப்பை விண்டோஸ் வழியாகவே நிறுவினார்கள். கணினி இரண்டு முறை தானாக அணைந்து எழுந்தது. விண்டோஸ் சாதாரணமாக வந்தது. மறுநாள் காலை உபுண்டுவைக் காணவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை, வரிசையாக. முதலில், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனு வராமல் கணினி நேராக விண்டோஸுக்குள் போனது. தெரிந்த ஒருவர் ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் உபுண்டுவுக்குப் புதிய பூட் பதிவு ஒன்றைச் சேர்த்தார். தேர்ந்தெடுத்தபோது சிவப்புப் பெட்டியில் ‘இன்வேலிட் சிக்னேச்சர் டிடெக்டட்’ என்று வந்தது. போனில் கேட்டதற்குக் கிடைத்த யோசனை: “அண்ணே, பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க, வந்துடும்.” அணைத்தார்கள், உபுண்டு வந்தது, வைஃபையும் வந்தது. மதியம் விண்டோஸைத் திறந்தால் நீலத் திரையில் விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அந்த எண் எங்கே இருக்கிறது என்று கடையில் யாருக்கும் தெரியாது. பேஜ்மேக்கர் கோப்புகள் அத்தனையும் அதற்குள்.

உபுண்டு மட்டும் வராத காலையை விட, இரண்டில் ஒன்று பூட்டிக்கொண்ட மதியம் மோசமானது. செக்யூர் பூட்டை அணைத்ததும் பிழைச் செய்தி மறைந்துபோகும். அதோடு எது உடைந்தது என்ற தடயமும் மறைந்துவிடும். இந்தக் கணினியில் உடைந்தவை மூன்று: உபுண்டுவின் பூட் பதிவு, விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு, பின்னால் தெரியவந்த வைஃபை டிரைவரின் சாவி. மூன்றுக்கும் மூலம் ஒன்று.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வரும் இடங்களை மட்டும் தனியே சொல்லியிருக்கிறோம்.

சங்கிலி எப்படிக் கோர்க்கப்பட்டிருக்கிறது

செக்யூர் பூட் இருக்கும்போது, ஃபர்ம்வேர் தான் இயக்கும் முதல் நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அதற்கு நான்கு பட்டியல்கள் உண்டு. பிகே என்பது போர்டு தயாரிப்பாளரின் தலைமைச் சாவி. கேஇகே, அடுத்த இரண்டு பட்டியல்களை மாற்ற அனுமதி பெற்ற சாவிகள். டிபி, யாருடைய கையொப்பத்தை நம்பலாம் என்ற பட்டியல். டிபிஎக்ஸ், நம்பக் கூடாதவற்றின் பட்டியல்.

லினக்ஸ் நிறுவனங்களின் சாவி பொதுவாக டிபியில் இருக்காது. மைக்ரோசாப்டின் யூஇஎஃப்ஐ சிஏ சான்றிதழ் இருக்கும். அதனால் மைக்ரோசாப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரல் முதலில் ஏறுகிறது. ஷிம்முக்குள், உபுண்டுவை வெளியிடும் கனானிக்கலின் சான்றிதழ் பதிந்திருக்கிறது. அதைக் கொண்டு க்ரப்பையும் கர்னலையும் அது சரிபார்க்கிறது. கணினிக்காரர் தாமே சேர்த்த சாவிகளுக்கு மோக் என்று பெயர். நாமே தொகுத்த டிரைவர்கள் அந்தச் சாவியால்தான் கையொப்பமிடப்படுகின்றன.

இதில் எது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பழுதின் பாதி விளங்கிவிடும். ஷிம், க்ரப், கர்னல் ஆகியவை எஸ்எஸ்டியில் உள்ள கோப்புகள். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு அவற்றைத் தொடுவதில்லை. ஆனால் பூட் பதிவுகள், டிபி, டிபிஎக்ஸ், மோக் பட்டியல், செக்யூர் பூட் ஆன் ஆஃப் நிலை ஆகிய அத்தனையும் போர்டில் உள்ள என்விராம் என்ற சிறு நினைவகத்தில் கிடக்கின்றன. சில புதுப்பிப்புகள் அதைத் துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும். இந்தக் கணினியில் நடந்தது அதுதான்: எஸ்எஸ்டியில் ஒரு கோப்பும் கெடவில்லை, போர்டின் ஞாபகம் மட்டும் அழிந்துபோனது. அதனால் உபுண்டுவை மறுபடி நிறுவுவது வீண் வேலை; இரண்டு இயங்குதளம் உள்ள வட்டில் கைதவறினால் ஆபத்தும்கூட.

முதலில் விண்டோஸை மீட்டது

மீட்பு எண்ணைத் தேடி அலைவதற்கு முன் செய்ய வேண்டியது, செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்வது. காரணம் இது. பிட்லாக்கரின் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் பூட்டப்பட்டிருக்கிறது. செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கிறதா, எந்தச் சாவிகள் நம்பப்படுகின்றன என்ற அளவீடு டிபிஎம்மின் 7ஆம் பதிவேட்டில் ஏறுகிறது. பூட்டும்போது இருந்த அளவீடும் திறக்கும்போது இருக்கும் அளவீடும் ஒன்றாக இருந்தால்தான் சாவி கிடைக்கும். ஞாயிறன்று புதுப்பிப்பு விண்டோஸ் வழியாக நடந்ததால் பிட்லாக்கர் தற்காலிகமாக ஒதுங்கி நின்று, புது நிலையில் மறுபடி பூட்டிக்கொண்டது. அதனால் அன்று எதுவும் கேட்கவில்லை. திங்களன்று செக்யூர் பூட்டை அணைத்ததும் அளவீடு மாறியது. ஆன் செய்ததும் பழைய அளவீடு திரும்பியது, எண் கேட்காமல் விண்டோஸ் திறந்தது.

திறந்த உடனே மீட்பு எண்ணை அச்சிட்டு எடுத்தார்கள். விண்டோஸ் 11 ஹோமில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்ற பெயரில் இது தானாகவே ஆன் ஆகியிருக்கக்கூடும். நாம் போடவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்தக் கணக்குப் பக்கத்திலும் எண் சேமிக்கப்பட்டிருக்கும்.

இங்கேயே இன்னொன்று. பிட்லாக்கர் உள்ள கணினியில் க்ரப் மெனு வழியாக விண்டோஸைத் திறந்தாலும் இதே எண்ணைக் கேட்கலாம். ஷிம் வழியாக வரும்போது 7ஆம் பதிவேட்டின் அளவீடு வேறாகிவிடுகிறது. விண்டோஸ் வேண்டும்போது போர்டின் பூட் மெனுவிலிருந்து நேராகத் தேர்ந்தெடுப்பதே தொல்லையில்லாத வழி. எஃப் 12, எஃப் 11, எஃப் 8, எஸ்கேப் என்று அந்த விசை போர்டுக்குப் போர்டு மாறும்.

பூட் பதிவு: க்ரப்பை அல்ல, ஷிம்மைக் காட்ட வேண்டும்

சிவப்புப் பெட்டிக்கு வருவோம். பயாஸில் புதிய பூட் பதிவு சேர்க்கும் இடத்தில் கோப்பைத் தேர்வு செய்யச் சொல்லும். எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பகுதியில், இஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் உபுண்டு என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் ஷிம்எக்ஸ்64, க்ரப்எக்ஸ்64, எம்எம்எக்ஸ்64 என்று மூன்று இஎஃப்ஐ கோப்புகள். க்ரப் என்ற பெயர் எல்லோருக்கும் பழக்கமானது, அதையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். க்ரப்பில் இருப்பது கனானிக்கலின் கையொப்பம். ஃபர்ம்வேருக்குக் கனானிக்கல் யாரென்றே தெரியாது. ஆகவே மறுப்பு நியாயமானது, கோப்பு கெட்டுப்போகவில்லை. ஷிம்எக்ஸ்64ஐக் காட்டியதும் செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கும்போதே க்ரப் மெனு வந்தது. டெபியன், ஃபெடோராவில் கோப்புறையின் பெயர் மட்டும் மாறும், கோப்பின் பெயர் இதேதான்.

சில போர்டுகளில் கோப்பைத் தேர்வு செய்யும் வசதியே இராது. அப்போது புதிய லைவ் பென்டிரைவில் ஏறி டெர்மினலில் இப்படிச் சேர்க்கலாம்:

சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் --கிரியேட் --டிஸ்க் /டெவ்/என்விஎம்இ0என்1 --பார்ட் 1 --லேபல் உபுண்டு --லோடர் '\இஎஃப்ஐ\உபுண்டு\ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ'

என்விஎம்இ0என்1 என்பதில் என்விஎம்இக்கு அடுத்து வருவது பூஜ்யம். இஎஃப்ஐ பகுதி முதல் பகுதிதானா என்று எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பார்த்துவிட்டே எண்ணைப் போட வேண்டும். லோடர் பாதையில் வருவது பின்சாய்ந்த கோடு, அதை ஒற்றை மேற்கோளுக்குள் போடாவிட்டால் டெர்மினல் விழுங்கிவிடும்.

ஷிம்மைக் காட்டியும் சிவப்புப் பெட்டி வந்தால், பெரும்பாலும் டிபியில் மைக்ரோசாப்டின் யூஇஎஃப்ஐ சிஏ இல்லை என்று பொருள். அலுவலகப் பயன்பாட்டு லேப்டாப்கள் சிலவற்றில் ‘மூன்றாம் தரப்பு யூஇஎஃப்ஐ சிஏவை அனுமதி’ என்ற தேர்வு தொழிற்சாலையிலிருந்தே அணைந்து வருகிறது. நாம் ஆன் செய்து வைத்திருந்ததைப் புதுப்பிப்பு பழைய நிலைக்குத் திருப்பியிருக்கும். செக்யூர் பூட் பக்கத்தில் அந்த ஒரு தேர்வை ஆன் செய்தால் போதும். ஆனால் அதுவும் 7ஆம் பதிவேட்டை மாற்றும், ஆகவே பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிட்டே தொட வேண்டும். நிர்வாகி உரிமையுடன் திறந்த விண்டோஸ் டெர்மினலில் ‘மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிசேபிள் சி:’ என்பது அதற்கான கட்டளை. வேலை முடிந்ததும் டிசேபிள் என்ற இடத்தில் எனேபிள் போட வேண்டும்.

வைஃபை ஏன் போனது

செக்யூர் பூட் ஆன், உபுண்டு வந்துவிட்டது. இப்போது வைஃபை இல்லை. அணைத்திருந்தபோது வேலை செய்தது என்பதே இங்கே துப்பு. மாட்ப்ரோப் கொண்டு டிரைவரை ஏற்ற முயன்றபோது கிடைத்த பதில்: ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’. டிரைவரில் கையொப்பம் இருக்கிறது, ஆனால் அந்தச் சாவியைக் கர்னல் நம்பவில்லை. கையொப்பமே இல்லாவிட்டால் கர்னலின் பதிவில் அது தெரிந்துவிடும். அதைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் ‘அன்சைன்ட் மாட்யூல்’ என்ற சொற்களோடு ஒரு வரி வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு டிரைவரைத் திரும்பத் திரும்பத் தொகுப்பவர்கள் உண்டு. சாவி பட்டியலில் இல்லாதவரை எத்தனை முறை தொகுத்தாலும் பதில் ஒன்றுதான்.

உறுதிசெய்ய:

மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்
மோக்யூட்டில் --டெஸ்ட்-கீ /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர்

கடைசிக் கோப்பின் பெயரில் மோக் என்ற மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. கோப்புறையின் பெயரில் சிறிய எழுத்து. முதல் கட்டளை செக்யூர் பூட் எனேபிள்ட் என்றது. இரண்டாவது, சாவி பதிவாகவில்லை என்றது. மோக் பட்டியலும் என்விராமோடு துடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் சாவிக் கோப்பு எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே புதிய சாவி வேண்டாம், டிரைவரை மறுபடி தொகுக்கவும் வேண்டாம். பழைய சாவியை மறுபடி அறிமுகப்படுத்தினால் போதும்:

சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர்

இது ஒரு கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும். ஒரே ஒரு முறை, அடுத்து கணினி எழும்போது மட்டும் பயன்படும் சொல் இது. 8 எண்கள் போதும். குறியீடுகள் வேண்டாம், அடுத்து வரும் நீலத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பை மட்டுமே அறியும், வேறு அமைப்பில் தட்டிய குறியீடு அங்கே பொருந்தாது.

கணினியை மறுதொடக்கம் செய்தால் நீலத் திரையில் ‘ஏதேனும் ஒரு விசையை அழுத்துக’ என்று 10 விநாடிகள் எண்ணும். பலர் தவறவிடுவது இந்தப் பத்து விநாடியைத்தான். டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் அது கடந்து, கோரிக்கையும் ரத்தாகிவிடும். இம்போர்ட் கட்டளையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து, ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, கடவுச்சொல், ‘ரீபூட்’ என்று போக வேண்டும். தட்டும் எழுத்து திரையில் தெரியாது. வயர்லெஸ் விசைப்பலகை சில போர்டுகளில் இந்தத் திரையில் வேலை செய்வதில்லை; வயருள்ள ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

மறுபடி ஏறியதும் டெஸ்ட்-கீ சாவி பதிவாகியிருக்கிறது என்றது. வைஃபை தானாக இணைந்தது. விர்ச்சுவல்பாக்ஸ், டிகேஎம்எஸ் வழியாக நிறுவிய என்விடியா டிரைவர் ஆகியவற்றுக்கும் இதே வழிதான். டெபியனில் டிகேஎம்எஸ் சாவி இருக்கும் இடம் வேறு: /வார்/லிப்/டிகேஎம்எஸ்/மோக்.பப், இங்கே எல்லாம் சிறிய எழுத்து. இடையில் இணையம் தேவைப்பட்டால் செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடலாம். அதற்கான டிரைவர் கர்னலோடு வருவதால் செக்யூர் பூட் தடுக்காது.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது, க்ரப் மெனு வந்த பிறகு ‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்று நிற்கும் பிழை. க்ரப் வரை சங்கிலி சரி, கர்னலின் கையொப்பம்தான் பிரச்சினை. சொந்தமாகத் தொகுத்த கர்னல் அல்லது கையொப்பமில்லாத மெயின்லைன் கர்னலில் இது வரும். மெனுவில் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ போய் உபுண்டுவின் சொந்தக் கர்னலைத் தேர்ந்தெடுத்தால் ஏறிவிடும். வட்டைக் குறியாக்கம் செய்து டிபிஎம்மில் பூட்டி வைத்திருக்கும் லினக்ஸ் கணினிகளில், புதுப்பித்த பிறகு கடவுச்சொல் கேட்பதும் பிட்லாக்கர் கேட்பதும் ஒரே காரணத்தால்தான். கடவுச்சொல்லைத் தந்து உள்ளே போய் சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல் கொண்டு மறுபடி பூட்ட வேண்டும்.

பழைய பென்டிரைவ்

கடையில் 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04இன் நிறுவல் பென்டிரைவ் ஒன்று இருந்தது. அவசரத்துக்கு ஆகுமா என்று சோதித்தபோது ‘வெரிஃபையிங் ஷிம் எஸ்பாட் டேட்டா ஃபெயில்ட்: செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று எழுதிவிட்டுக் கணினி அணைந்தது. இது முந்திய மூன்றோடு சேர்ந்ததல்ல.

2020 ஜூலையில் க்ரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டை வெளியானது. கெட்ட க்ரப்களை ஒவ்வொன்றாக டிபிஎக்ஸில் சேர்த்தபோது 3 சான்றிதழ்களும் சுமார் 150 நிரல்களின் அடையாளங்களும் போய், வழக்கமாக உள்ள 32 கேபி இடத்தில் ஏறத்தாழ 10 கேபி தீர்ந்துபோனது. இன்னும் இரண்டு ஓட்டை வந்தால் இடமே இல்லை. அதற்கு மாற்றாக வந்ததுதான் எஸ்பாட்: ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு தலைமுறை எண். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே உள்ளவை எல்லாம் மறுக்கப்படும். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்பு அந்தக் குறைந்தபட்ச எண்ணை உயர்த்தியதால், உலகெங்கும் இரட்டை இயங்குதளக் கணினிகளில் இந்த வரி தோன்றியது. புதிய ஷிம்மும் தானே அந்த எண்ணை உயர்த்தக்கூடும்.

இதற்கு இணையத்தில் சுற்றும் வழி: செக்யூர் பூட்டை அணைத்து, உபுண்டுவில் ஏறி, ‘சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பாட்-பாலிசி டெலீட்’ கொடுத்து, மறுதொடக்கம் செய்து, மறுபடி ஆன் செய்வது. எஸ்எஸ்டியில் நிறுவிய லினக்ஸே இந்தப் பிழையில் நின்றால் அது சரியான மருந்து. உள்ளே போன கையோடு ஷிம்மையும் க்ரப்பையும் புதுப்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் மறுபடி நிற்கும். ஒரு பழைய பென்டிரைவுக்காக அதைச் செய்யக் கூடாது. ஓட்டையுள்ள க்ரப்பை ஏற்றுக்கொள்ளும்படி கணினி முழுவதையும் தளர்த்துவதாக ஆகும். புதிய ஐஎஸ்ஓவை இறக்கி, எஸ்ஹெச்ஏ256 தொகையைச் சரிபார்த்து, அதே பென்டிரைவில் எழுதினார்கள். அது தடையில்லாமல் ஏறியது.

அடுத்த புதுப்பிப்புக்கு முன்

கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரத்தை நம்பி ஃபர்ம்வேர் எழுதக் கூடாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சலையும் கண்ட கரை இது. சாதாரண மழை நாளிலேயே கரன்ட் போய்ப் போய் வரும். எழுதும் பாதியில் கரன்ட் போனால் செக்யூர் பூட் பிழை வராது, போர்டே எழாது. யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம் உண்மையிலேயே தாங்குகிறதா என்று மெயினை அணைத்துப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்திருந்தால் முதலில் அதைத் துடைக்க வேண்டும்.

பிறகு ஒரு பென்டிரைவில் மூன்று பொருள்: ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி’ தரும் வெளியீடு, மோக்.டெர் கோப்பு, பயாஸின் செக்யூர் பூட் பக்கங்களைச் செல்போனில் எடுத்த படங்கள். பிட்லாக்கர் எண் மட்டும் காகிதத்தில், கணினிக்கு வெளியே. கையொப்பமிடும் ரகசியச் சாவியான மோக்.ப்ரிவ் கோப்பைப் பென்டிரைவில் ஏற்ற வேண்டாம். அது வெளியே போனால் யார் வேண்டுமானாலும் இந்தக் கணினி நம்பும் டிரைவரை உருவாக்கலாம்.

2011 சான்றிதழ்கள்

இந்தக் கணினியில் இன்னொன்றையும் பார்த்தார்கள். ஷிம்மை இத்தனை ஆண்டும் தாங்கிவந்த மைக்ரோசாப்டின் யூஇஎஃப்ஐ சிஏ 2011 சான்றிதழின் காலாவதி மாதம் 2026 ஜூன். கேஇகே 2011க்கும் அதே மாதம். அன்று லினக்ஸ் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை. பூட் நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது ஃபர்ம்வேர்கள் பொதுவாகக் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே கையொப்பமிட்ட ஷிம் தொடர்ந்து ஏறும். இதே காரணத்தால், சிஆர்2032 பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னுக்குப் போவதும் இந்தப் பிழைகளுக்குக் காரணமாவதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். காலாவதியான சான்றிதழால் புதிதாகக் கையொப்பமிட முடியாது. இனி வரும் ஷிம்களில் 2023 சான்றிதழின் கையொப்பம் மட்டும் இருந்தால், டிபியில் 2023 இல்லாத கணினி அதை மறுக்கும். சோதிக்க:

மோக்யூட்டில் --டிபி | க்ரெப் 2023

அச்சகக் கணினியில் மூன்று சான்றிதழ்களின் பெயர்கள் வந்தன: விண்டோஸ் யூஇஎஃப்ஐ சிஏ 2023, மைக்ரோசாப்ட் யூஇஎஃப்ஐ சிஏ 2023, ஆப்ஷன் ரோம் யூஇஎஃப்ஐ சிஏ 2023. ஞாயிறன்று போட்ட ஃபர்ம்வேர் கொண்டுவந்தவை அவை. டிபி என்ற இடத்தில் கேஇகே போட்டுப் பார்த்ததில் கேஇகே 2கே சிஏ 2023ம் இருந்தது. எதுவும் வராத கணினிகளில், லினக்ஸில் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் கருவியான எஃப்டபிள்யூஅப்டியின் புதிய பதிப்பு டிபி, கேஇகே இரண்டுக்கும் புதுப்பிப்பு காட்டுகிறதா என்று பார்க்கலாம். கேஇகேவுக்குப் போர்டு தயாரிப்பாளரின் பிகே கையொப்பம் வேண்டும் என்பதால், தயாரிப்பாளர் கைவிட்ட பழைய போர்டுகளுக்கு அது வராமலும் போகலாம். அப்படிப்பட்ட போர்டில், இப்போது ஏறும் ஷிம்எக்ஸ்64 கோப்பின் பிரதி ஒன்றை அந்தப் பென்டிரைவில் நான்காவது பொருளாகச் சேர்த்துவைக்க வேண்டும்.